இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே

1

கோயமுத்தூரிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையில், காங்கேயம் தாண்டினால் வெள்ளகோவில். தேங்காய்ப் பருப்பு, எண்ணெய், முருங்கைக்காய், நூல், தறியில் நெய்த துணி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு லாரிகள் இந்த ஊரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். சாலையோர டீக்கடைகளில் வண்டி பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் காதில் விழும். "வண்டி எப்படிங்க இருக்குது?" என்பது ஒன்று. "எஃப்.சி. எது வரைக்கும் இருக்குது?" என்பது இன்னொன்று.

கேட்கிறவர் ஒரே மூச்சில்தான் இரண்டையும் கேட்பார். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது வண்டி. இரண்டாவதற்குப் பதில் சொல்வது ஒரு தாள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்கென்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, அதிகாரியிடம் காட்டி, ஊர் திரும்பியதும் கழற்றிக் கொடுத்துவிடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் செய்வதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த கதை. சொல்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்கிறவரும் சிரிப்பார். "அப்புறம் அந்த மொட்டை டயர்ல எப்படிங்க ஓட்டறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. ஒருவர் தன் இயந்திரத்தை நல்லது என்று நம்புவதற்கு எப்போது உரிமை பெறுகிறார்? எந்த நம்பிக்கை நேர்மையானது, எது வசதிக்காக வரவழைத்துக்கொண்டது?

இந்தக் கேள்வியை லாரியை வைத்தே கேட்கலாம். ஆனால் லாரி கொஞ்சம் மன்னிக்கும் வண்டி. என்ஜின் நின்றால் ஓரமாக ஒதுக்கி, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடலாம். வானத்தில் ஓரம் கிடையாது. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய சிறிய பயிற்சி விமானம் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டத்தில் திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். சுற்றுவட்டாரமே கூடி நின்று செல்போனில் படம் எடுத்தது. எல்லா நாளும் அப்படி ஒரு சாலை கீழே வந்து வாய்க்காது. அதனால்தான் விமானம் வைத்திருப்பவர்களுக்கான விதிகளில் இந்தக் கேள்வி வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கறாராக யோசிக்கப்பட்டிருக்கிறது. பெரிய விமான நிறுவனங்களுக்குப் பொறியாளர் படையே உண்டு. சிறிய விமானம் வைத்திருப்பவர் பெரும்பாலும் தனி ஆள். கேள்வி அவரிடம்தான் நேராக வந்து நிற்கிறது.

2

ஆங்கிலத்தில் ஏர்வொர்த்தினஸ் என்பார்கள். வான்தகுதி என்று சொல்லிக்கொள்ளலாம். கப்பலுக்கு முன்பே இருந்த கடல்தகுதி என்ற சொல்லை அச்சாக வைத்து உருவான சொல் அது.

அமெரிக்க விதிகள் இதற்குத் தரும் விளக்கத்தில் இரண்டு பாதிகள் உண்டு. விமானம் அதன் அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்புக்குப் பொருந்தி இருக்க வேண்டும். அதோடு, பாதுகாப்பாக இயக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். முதல் பாதி தாளோடு சம்பந்தப்பட்டது: வரைபடத்தில் என்ன போல்ட் இருக்கிறதோ அதே போல்ட்தான் விமானத்திலும் இருக்க வேண்டும். இரண்டாம் பாதி உலோகத்தோடு சம்பந்தப்பட்டது: அந்த போல்ட் துருப்பிடிக்காமல், விரிசல் விடாமல் இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் தகுதி இல்லை. டீக்கடையின் இரண்டு கேள்விகளையும் சட்டம் ஒரே வாக்கியத்துக்குள் கட்டிப் போட்டிருக்கிறது.

இந்தியாவில் 1934 விமானச் சட்டமும் 1937 விமான விதிகளும் நீண்ட காலம் இதற்கு அடிப்படையாக இருந்தன. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2024இல் பாரதிய வாயுயான் அதிநியம் வந்தது. டி.ஜி.சி.ஏ. என்று நாம் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வான்தகுதிச் சான்று தருகிறது. அந்தச் சான்று உயிரோடு இருக்க, வருஷாவருஷம் விமானமும் அதன் ஆவணங்களும் ஆய்வு செய்யப்பட்டு மறு ஆய்வுச் சான்று வாங்க வேண்டும். ஒவ்வொரு பராமரிப்பு வேலைக்குப் பிறகும், உரிமம் பெற்ற பொறியாளர் தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டு, இந்த விமானத்தைச் சேவைக்கு விடுவிக்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும்.

1937 விதிகளில் ஒரு பிரிவு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. விமானத்துக்குப் பெரிய சேதம் வந்தாலோ, பெரிய கோளாறு உண்டானாலோ, அங்கீகாரம் இல்லாத முறையில் பழுது பார்க்கப்பட்டாலோ, அதன் வான்தகுதிச் சான்று நிறுத்திவைக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது அது. அதிகாரி வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை. நோட்டீஸ் வர வேண்டியதில்லை. விமானம் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் நிற்கிறது. இரவில் ஒரு குழாய் விரிகிறது. அந்த நொடியே அலமாரியில் சட்டம் போட்டு வைத்திருக்கும் சான்றும் செத்துப்போகிறது. தேதி இன்னும் எட்டு மாசம் பாக்கி இருக்கலாம், முத்திரை பளிச்சென்று இருக்கலாம். அது இப்போது வெறும் தாள்.

நம் ஊரில் சான்றிதழைப் புரிந்துகொண்டிருக்கும் விதம் இதற்கு நேர் எதிர். எஃப்.சி. மார்ச் வரைக்கும் இருக்கிறது என்றால், மார்ச் வரைக்கும் கேள்வி இல்லை என்று அர்த்தம் செய்துகொள்கிறோம். விமான விதியோ, கேள்வி தினமும் இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட நாளில் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப்பட்டது என்பதற்கு மட்டும்தான் இந்தத் தாள் சாட்சி என்கிறது.

அந்தத் தினசரிக் கேள்வி யாருடையது? தொடர்ந்து தகுதியோடு வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று இந்திய விதிகளும் சொல்கின்றன, அமெரிக்க விதிகளும் சொல்கின்றன. மெக்கானிக்கின் வேலை, செய்த வேலைக்குக் கையெழுத்துப் போடுவது. விமானி அன்றைக்குப் பறக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் விமானத்தை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட வேண்டியவர் யார்? "என்னமோ வித்தியாசமா சத்தம் கேக்குது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டியவர் யார்? உரிமையாளர். "மெக்கானிக் பாத்தாருங்களே" என்பது பாதிப் பதில்தான்.

3

1877இல் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 'நம்பிக்கையின் அறம்' என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். அவருடைய கப்பல் பழசு, ஆரம்பத்திலேயே சரியாகக் கட்டப்படாதது, பலமுறை பழுது பார்த்தது. பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது கிளம்ப வேண்டும். இந்தக் கப்பல் தாங்குமா என்று சிலர் சந்தேகம் சொல்கிறார்கள். அவருக்கும் மனசுக்குள் உறுத்தல். பிரித்து மேய்ந்து சரி செய்யலாம், ஆனால் செலவு பிடிக்கும். அவர் தன் உறுத்தலை மெதுவாகச் சமாதானப்படுத்துகிறார். இத்தனை புயல் பார்த்த கப்பல், இதையும் பார்க்கும். கடவுள் இத்தனை குடும்பங்களைக் கைவிடமாட்டார். கட்டினவர்கள் மேல் சந்தேகப்படுவது நல்ல குணமா? இப்படி யோசித்து யோசித்து, கடைசியில் கப்பல் நல்லதுதான் என்று மனமார நம்பிவிடுகிறார். கப்பல் கிளம்புகிறது, நடுக்கடலில் மூழ்குகிறது. இன்சூரன்ஸ் பணம் வருகிறது.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பினார். ஆனாலும் அந்தச் சாவுகளுக்கு அவர்தான் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். ஏனென்றால் தன் முன் இருந்த சான்றுகளை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. அந்த நம்பிக்கை விசாரித்துச் சம்பாதித்தது அல்ல, சந்தேகத்தின் கழுத்தை நெரித்துப் பெற்றது.

அடுத்து அவர் ஒரு படி மேலே போகிறார். கப்பல் மூழ்கவே இல்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலாளியின் குற்றம் குறைகிறதா? துளியும் குறையாது என்கிறார். அவர் தப்பு செய்யாதவர் ஆகிவிடமாட்டார், மாட்டிக்கொள்ளாதவர் ஆவார், அவ்வளவுதான்.

கிளிஃபர்ட் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன ஆய்வுக் குழுவோடு பயணம் செய்து, சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர். அந்தக் காலத்தில் பிரிட்டனில் இது நாடாளுமன்றத்தையே உலுக்கிய விவகாரமும்கூட. ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, இன்சூரன்ஸை நம்பிக் கடலுக்கு அனுப்புகிறார்கள் என்று சாமுவேல் பிளிம்சால் என்ற உறுப்பினர் போராடி, 1876இல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் இன்றும் இருக்கும் சுமைக்கோடு அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பிளிம்சால் கப்பலின் மேல் கோடு போட்டார். கிளிஃபர்ட் மனசுக்குள் ஒரு கோடு போடப் பார்த்தார்.

நமக்கு இதே இடத்தில் வேறொரு கதை தெரியும். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேர் ஓட்டிப் போகிறான். கன்றுக்குட்டி துள்ளி வந்து சக்கரத்தில் விழுகிறது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை. அமைச்சர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். தாய்ப்பசுவின் துயரத்துக்கு முன்னால் அந்தச் சமாதானம் அரசன் காதில் ஏறவில்லை. இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. சோழன், தப்பான எண்ணம் இல்லாவிட்டாலும் தீங்கு நடந்துவிட்டது என்பதற்காகத் தண்டிக்கிறான். கிளிஃபர்ட், தீங்கு நடக்காவிட்டாலும் நம்பிய விதம் தப்பு என்பதற்காகக் குற்றம் சாட்டுகிறார்.

நாம் நடைமுறையில் இந்த இருவரில் யார் பக்கமும் இல்லை. விபத்து நடந்தால் சோழன் ஆகிவிடுகிறோம். நடக்காதவரை யாரும் கிளிஃபர்ட் ஆவதில்லை. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இந்த முரண்பாட்டுக்கு ஒழுக்க அதிர்ஷ்டம் என்று பொருள்படும் பெயர் வைத்து விவாதித்தார்கள். மொட்டை டயரில் வண்டி ஓட்டிய இருவரில், ஒருவன் முன்னால் குழந்தை ஓடிவந்தது, இன்னொருவன் முன்னால் வரவில்லை. ஒருவன் ஜெயிலில், மற்றவன் டீக்கடையில். இருவரும் செய்தது ஒன்றுதான். டீக்கடையில் இருப்பவன், தான் நல்ல டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

4

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பதை அனுபவத்தின் குரல் என்று எடுத்துக்கொள்கிறோம். பல விஷயங்களில் அது சரிதான். இருபது வருஷமாகக் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரை நம்பலாம். ஆனால் உலோகத்தின் கதை வேறு.

ஒரு கம்பியை எடுத்து வளைத்து நிமிர்த்துங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. ஐந்தாவது தடவையும் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டாவது தடவை பட்டென்று கையோடு வந்துவிடும். ஐந்தாவது தடவையில் நின்று "இத்தனை தடவை வளைச்சும் ஒண்ணும் ஆகலை, உறுதியான கம்பி" என்று சொன்னால், அந்த ஐந்து தடவையும் எதற்குச் சான்று? கம்பி உறுதியானது என்பதற்கா, உடையும் இடத்தை ஐந்து படி நெருங்கியது என்பதற்கா? எஃகுக்காவது ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான பளுவை எத்தனை தடவை கொடுத்தாலும் பொதுவாகத் தாங்கும். சிறிய விமானங்களின் உடலும் இறக்கையும் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதற்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் காற்றின் குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். களைப்பு என்று மனிதருக்குச் சொல்லும் சொல்லையே உலோகத்துக்கும் சொல்கிறார்கள்.

2005 டிசம்பர் 19 அன்று மயாமியில் ஒரு நீர்விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதன் வலது இறக்கை தனியாகப் பிய்ந்து விழுந்தது. இருபது பேர் இறந்தார்கள். 1947இல் செய்யப்பட்ட விமானம் அது. வைத்திருந்தது ஒரு சிறிய நிறுவனம். இறக்கைக்குள் களைப்பு விரிசல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, செய்த பழுது வேலை அதைச் சரிசெய்யவில்லை என்று விசாரணை சொன்னது. இறக்கையிலிருந்து எரிபொருள் கசிந்தது அந்த விரிசலின் அறிகுறி. கசிவை அடைத்தார்கள், கசிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியின் முடிவு வரை போகவில்லை. நிறுவனத்தின் பராமரிப்பையும், அதைக் கண்டுபிடிக்காத அரசு மேற்பார்வையையும் விசாரணை குறை சொன்னது. ஐம்பத்தெட்டு வருஷம் ஒன்றும் ஆகாத விமானம் அது.

ஆக, சில விஷயங்களில் கடந்த காலம் நமக்குச் சாதகமான சாட்சி அல்ல. அது ஏறிக்கொண்டே போகும் கடன்.

5

இங்கே இரண்டு மறுப்புகள் வரலாம், இரண்டுமே கனமானவை.

முதலாவது: "நல்ல மனுசன், அனுபவசாலி, அவரு பாத்தா சரியா இருக்கும்." 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், பதினேழாயிரம் அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்ந்து போனது. கேப்டன் பாதி உடம்போடு வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி விமானத்தை இறக்கினார், எல்லாரும் பிழைத்தார்கள். முந்தைய நாள் அதிகாலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர் நல்ல பெயர் எடுத்த, வேலையில் அக்கறை உள்ள மேற்பார்வையாளர். போல்ட்டுகளைக் கையேட்டைப் பார்த்து எடுக்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். மாட்டிய தொண்ணூறில் எண்பத்து நான்கு போல்ட் குறுக்களவில் சிறுத்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்னொரு வேடிக்கை, கழற்றிய பழைய போல்ட்டுகளே சரியானவை அல்ல. நீளம் குறைந்தவை. அவை அதுவரை ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தன.

நம் பட்டறைகளில் இந்தக் காட்சி தினமும் நடக்கிறது. தறியில் ஒரு போல்ட் போய்விட்டால், பழசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "இதே மாதிரி ஒண்ணு கொடுங்க" என்போம். அதே மாதிரி ஒன்று கிடைக்கும். தறியில் அது பரவாயில்லாமல் இருக்கலாம். நல்ல மனசும் கைப்பழக்கமும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், அவை அளவுகோல் ஆகிவிடாது. அந்த மேற்பார்வையாளர் கிளிஃபர்டின் முதலாளி போலப் பேராசைக்காரர் அல்ல, காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கவில்லை. ஆனாலும் இருவரும் சந்திக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. இருவருக்கும் சரிபார்க்க வழி இருந்தது. இருவரும் சரிபார்க்கவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது: "அப்படின்னா விதிப்படி எல்லாத்தையும் கழட்டி மாட்டிட்டா ஆச்சா?" ஆகாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்கு ஆலோசனை சொன்ன உயிரியலாளர் வாடிங்டன், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களின் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஐம்பது மணிநேரத்துக்கு ஒருமுறை நடக்கும் பராமரிப்புக்கு உடனே அடுத்து வரும் மணிநேரங்களில்தான் பழுதுகள் அதிகமாக இருந்தன, நாள் ஆக ஆகக் குறைந்தன. பராமரிப்பே பழுதைக் கொண்டுவந்தது. நன்றாக ஓடுவதைக் கழற்றி மாட்டினால் சில சமயம் கெட்டுப்போகும். இது தறி மேஸ்திரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1978இல் அமெரிக்காவில் நௌலன், ஹீப் என்ற இருவர் எழுதிய அறிக்கையும், விமான உறுப்புகளில் பெரும்பாலானவை வயசாகிக் கெடும் ரகத்தைச் சேர்ந்தவை அல்ல, குறிப்பிட்ட மணிநேரத்தில் கழற்றி மாற்றுவதால் அவற்றுக்குப் பெரிய லாபம் இல்லை என்று காட்டியது.

சிறிய விமானம் வைத்திருப்பவருக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. லைக்கமிங் போன்ற என்ஜின் நிறுவனங்கள், இத்தனை மணிநேரத்தில் அல்லது இத்தனை வருஷத்தில் என்ஜினை முழுதாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன. பல மாடல்களுக்கு இரண்டாயிரம் மணிநேரம், பன்னிரண்டு வருஷம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு அது கட்டாயம் அல்ல, பரிந்துரைதான். இரண்டாயிரத்து நூறு மணிநேரம் ஓடிய என்ஜினோடு அவர் சட்டப்படி பறக்கலாம். அப்படிப் பறக்கும் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் பழைய எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பி, அதில் உலோகத் துகள் கூடுகிறதா என்று பார்க்கிறார், வடிகட்டியை அறுத்துப் பார்க்கிறார், சிலிண்டரின் அழுத்தத்தைக் குறித்து வைக்கிறார், எண்கள் நன்றாக இருப்பதால் என்ஜினைத் தொடாமல் விடுகிறார். இன்னொருவர் இதெல்லாம் எதுவும் பார்க்கவில்லை. செலவை நினைத்து விட்டுவிடுகிறார். இருவர் செய்ததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான்: என்ஜினைப் பிரிக்கவில்லை. ஆனால் முதலாமவர் சந்தேகத்தைக் கேள்வி கேட்டு அனுப்பினார், இரண்டாமவர் அதன் வாயை மூடினார். சட்டம் இருவரையும் சமமாகவே விடுகிறது. சட்டம் விட்ட இடத்தில்தான் அவரவர் யோக்கியதை தெரிகிறது.

6

"என் விமானம், என் காசு, என் உயிர். உங்களுக்கு என்னங்க?" என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வான்தகுதி விதிகள் இதற்கு ஒரு நியாயமான இடம் கொடுக்கவே செய்கின்றன. அமெரிக்காவில் தானே கட்டிய விமானத்தை ஒருவர் பறக்கவிடலாம். சோதனைக் கட்டத்தில் கூட வருபவர்களை ஏற்றக்கூடாது, ஜனநெருக்கமான இடங்களுக்கு மேல் போகக்கூடாது, இது வழக்கமான தரச்சான்று பெற்ற விமானம் அல்ல என்பது உள்ளே ஏறுபவர் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, தன் குடும்ப வீட்டு மொட்டைமாடியில் ஒரு விமானத்தைக் கட்டி, நீண்ட போராட்டத்துக்குப் பின் 2017இல் டி.ஜி.சி.ஏ.விடம் பதிவு வாங்கினார். வாடகைக்கு ஆள் ஏற்றும் விமானத்துக்கு அமெரிக்காவில் வருஷ ஆய்வு போக நூறு மணிநேரத்துக்கு ஒரு ஆய்வும் உண்டு, சொந்தத்துக்குப் பறப்பவருக்கு அது இல்லை. இந்தப் படிகளுக்குப் பின்னால் ஒரு தெளிவான அறம் இருக்கிறது: ஆபத்து யாருக்கு, அது அவருக்குத் தெரியுமா?

2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் ஒரு சிறிய கிங் ஏர் விமானம் விழுந்தது. ஒரு காலத்தில் உத்தரப் பிரதேச அரசிடம் இருந்த விமானம். நீண்ட பராமரிப்பு வேலைக்குப் பிறகு சோதனைப் பறப்புக்குக் கிளம்பியிருந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். விமானிகளோடு, அதைப் பராமரித்தவர்களும் அதில் இருந்தார்கள். சோதனைப் பறப்பு என்று தெரிந்தே ஏறியவர்கள். ஐந்தாவதாக ஒருவர் இறந்தார். அவர் கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தவர். அவரை யாரும் கேட்கவில்லை. "என் உயிர்" என்ற வாதம் தெருவில் நடந்தவரின் முன்னால் பேச்சற்றுப்போகிறது.

உள்ளே ஏறுகிறவருக்கு மட்டும் என்ன தெரியும்? 2004 ஏப்ரல் 17 அன்று, தமிழ் ரசிகர்களுக்கும் பிரியமான நடிகை சௌந்தர்யா, தேர்தல் பிரசாரத்துக்குப் போக பெங்களூர் ஜக்கூரில் ஒரு சிறிய செஸ்னா விமானத்தில் ஏறினார். கிளம்பிய சற்று நேரத்திலேயே அது விழுந்து நான்கு பேரும் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது ஏறும் நொடியைப் பற்றி. ஏறுகிறவர் பதிவேட்டைக் கேட்பதில்லை. விமானமோ பஸ்ஸோ, நாம் யாருமே கேட்பதில்லை. கேட்காமல் ஏறுவதுதான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வாங்கிக்கொள்கிறவர் அவருக்குப் பதிலாகக் கேட்டிருக்க வேண்டும்.

7

இதையெல்லாம் வைத்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் திரும்பினால், விமானம் எதுவும் தேவையில்லை. விடிகாலையில் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் வேன் இருக்கிறது. சாயப்பட்டறைகளில் பாய்லர் இருக்கிறது. அதற்கும் வருஷாவருஷம் சான்று உண்டு. வெள்ளகோவில் வீரக்குமாரசாமிக்கு மாசியில் தேர் ஓடுகிறது. தமிழ்நாட்டில் தேர் வடம் பிடிக்கும் முன் பொதுப்பணித் துறையிடம் உறுதிச் சான்று வாங்குகிறார்கள். 2022 ஜூனில் தர்மபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் தேர் சாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். சாமி இருக்கும் தேருக்கே தகுதி பார்க்க வேண்டியிருக்கிறது. கிளிஃபர்டின் முதலாளி கடவுள் பேரைச் சொல்லிச் செய்ததை நாமும் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

"பேசறது ஈஸிங்க, காசு எங்கிருந்து வரும்?" என்று வேன்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. அவருக்கு டியூ இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, பில் பாஸாக இரண்டு மாசம் ஆகிறது. எல்லாக் குறைகளையும் தீர்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றால் பாதி ஊர் வண்டி நின்றுவிடும். அந்தச் செலவில் ஒரு பங்கு, அந்த வேனால் லாபம் பார்க்கும் கம்பெனியுடையதும்தான்.

ஆனால் வான்தகுதி குறையே இல்லாத விமானத்தைக் கேட்கவில்லை. பெரிய விமானங்களில், எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் என்னென்ன நிபந்தனையோடு பறக்கலாம் என்று அங்கீகரிக்கப்பட்ட பட்டியலே உண்டு. ஒரு விளக்கு எரியவில்லை என்றால் எழுதி வைத்துவிட்டு, பகலில் மட்டும் பறக்கலாம். குறை இருக்கலாம். அது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அடுத்து ஓட்டுபவர் அதைப் படித்திருக்க வேண்டும். விமானிகள் சின்னச் சின்னக் கோளாறைக்கூட எழுதி வைப்பது அதனால்தான். எழுதப்பட்ட சந்தேகம் ஒருவர் தலையில் மட்டும் இருப்பதில்லை. எழுதாத சந்தேகம், அதை வைத்திருப்பவரின் தூக்கத்தோடும் செலவுக் கணக்கோடும் பேரம் பேசி, கொஞ்ச நாளில் நம்பிக்கையாக மாறிவிடும்.

காசில்லாத மனிதருக்கும் இது முடியும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிரேக் பிடிக்க நேரமாகிறது, இன்ன தேதியில் டிரைவர் சொன்னார் என்று எழுத வேண்டும். எழுதிய பிறகு அதைச் சரி செய்யாமல் இருப்பது எழுதாமல் இருப்பதைவிடக் கஷ்டம். நோட்டின் வேலையே அதுதான்.

அதற்கு மேலும் ஒரு சோதனை வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்தது இது. வண்டியைப் பற்றி உங்கள் மனசில் இருக்கும் சந்தேகத்தை, ஏறப்போகிறவரிடம், அவர் காலை வைப்பதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "ஏனுங்கம்மா, முன்டயர் தேஞ்சிருக்குது, அடுத்த வாரம் மாத்தறேன், மெதுவாத்தான் ஓட்டுவேன், வர்றீங்களா?" இப்படிச் சொல்ல முடிந்தால், அது தெரிந்து எடுக்கும் முடிவு, இருவரும் சேர்ந்து எடுப்பது. சொல்ல நாக்கு எழவில்லை என்றால், அந்த வண்டியின் தகுதி பற்றி உங்களுக்கு ஏற்கெனவே பதில் தெரிந்திருக்கிறது. எஃப்.சி. எந்த மாசம் வரைக்கும் இருந்தாலும் சரி.